நூற்று நாற்பது வயது வளைவு

அந்தப் பல்கலைக்கழகத்தில் எதற்கும் அவசரம் கிடையாது. நூற்று நாற்பது வயதான எதற்குமே அவசரம் இருக்காதுதான். நகரத்தின் நட்டநடுவில், நாலு பக்கமும் பேருந்துகள் உறுமிக்கொண்டு ஓட, உள்ளே அது பாட்டுக்குச் செங்கல் சிவப்பில் உட்கார்ந்திருந்தது. மணிக்கூண்டு ஒன்று உண்டு. அதன் நாலு முகமும் நாலு நேரம் காட்டும். எது சரியான நேரம் என்று முடிவெடுக்க ஒரு குழு போட்டார்கள். எந்த முகத்தைப் பார்த்துக் கூட்டத்தைத் தொடங்குவது என்று தெரியாததால் அந்தக் குழு இன்னும் கூடவில்லை. தேர்வுத் துறை இயங்குவது பழைய குதிரை லாயத்தில். மதிப்பெண் பட்டியல் கேட்டு வருகிற மாணவர்கள் குதிரைகள் கட்டிக்கிடந்த அதே வரிசையில், அதே பொறுமையோடு நின்றுகொண்டிருப்பார்கள்.

இந்த வளாகத்தில் இருபத்தாறு வருஷமாகத் தினக்கூலிக்கு வேலை பார்த்துவந்த கொத்தனாருக்கு ரசமட்டம் என்று பட்டப்பெயர். சுவர் மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க மற்ற கொத்தனார்கள் குமிழி ஓடும் ரசமட்டக் கட்டையை வைத்துப் பார்ப்பார்கள். இவருக்கு ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாலே போதும். அரை நூல் ஏற்ற இறக்கம் இருந்தாலும் சொல்லிவிடுவார். ஒழுகிய கூரை, பெயர்ந்த தரை, புறாக்கள் குடியிருந்து கெடுத்த மாடங்கள் என்று அங்கே அவர் கை படாத இடம் துணைவேந்தரின் நாற்காலி ஒன்றுதான்.

ஆனால் ஐம்பத்தொரு வயதில் முட்டி இரண்டும் மக்கர் பண்ண ஆரம்பித்துவிட்டன. சாரத்தில் ஏறும்போதெல்லாம் உள்ளுக்குள் 'கடக்' என்று ஒரு சத்தம். நிரந்தரப் பணியாளர் சாரத்திலிருந்து விழுந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போவார்கள். தினக்கூலிக்காரர் விழுந்தால் பேருந்து நிறுத்தம் வரைக்கும் தூக்கிப்போவார்கள். இந்த வித்தியாசம் அவருக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வகையிலும் ஆட்கள் விழுந்ததை நேரில் பார்த்திருக்கிறார்.

அதனால்தான் அறிவிப்புப் பலகையில் அந்த ஆணையை ஒட்டியபோது அவர் அதை இரண்டு தடவை படித்தார். இருபது வருஷம் வேலை பார்த்ததற்குச் சான்று காட்டும் தினக்கூலிப் பணியாளர்கள் நிரந்தரமாக்கப்படுவார்கள். நிரந்தரமானால் சாரம் ஏற வேண்டாம், கீழே நின்று மேற்பார்வை பார்க்கலாம். மூன்று மாதத்துக்குள் மனுக் கொடுக்க வேண்டும்.

தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த மனைவி விஷயத்தைக் கேட்டதும் மிதிப்பதை நிறுத்தினாள். "இருவது வருஷம்தானே கேக்கறாங்க? நம்மகிட்ட இருவத்தாறு இருக்கே! ஆறு வருஷத்தை அவங்களே வெச்சுக்கட்டும்ங்க" என்றாள்.

பணியமைப்புப் பிரிவில் கண்ணாடியம்மா என்று எல்லோரும் கூப்பிடும் எழுத்தர் இருந்தாள். மூக்குக் கண்ணாடி ஒன்று, தலைக்கு மேல் ஏற்றிவிட்ட கண்ணாடி ஒன்று, இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு விதிகளைப் படிப்பாள். கெட்ட மனுஷி இல்லை. விதியில் இடமிருந்தால் உயிரையே கொடுப்பாள்.

"அண்ணே, உங்களை எனக்குத் தெரியாதா? ஆனா எனக்குத் தெரிஞ்சா போதாது, ஃபைலுக்குத் தெரியணும். உங்க வருகைப் பதிவு, அந்தப் பழைய மஸ்டர் ரோல் எல்லாம் ஆவணக் காப்பகத்துக்குப் போயிடுச்சு. கரையான் அரிச்சதுனால மரபு ஆவணம்னு அறிவிச்சுட்டாங்க."

"அங்க போய்ப் பாக்கலாமாம்மா?"

"தாராளமாப் பாக்கலாம். திறக்கக் கூடாது. திறந்தா தூளாப் போயிடுமாம்."

"திறக்காம எப்படிம்மா பாக்கறது?"

"வெளியிலேர்ந்து பாக்கலாம். ஆராய்ச்சி பண்றவங்க எல்லாம் அப்படித்தான் பாக்கறாங்க." கண்ணாடியம்மா கண்ணாடியை மாற்றினாள். "வேற ஏதாவது சான்று இருக்கா அண்ணே? நீங்க அந்தக் காலத்துல செஞ்ச வேலை, கண்ணால பாக்கற மாதிரி?"

கொத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பினார். நூலகத்துக்கும் ஆட்சிமன்றக் கூடத்துக்கும் நடுவே அந்தக் கல் வளைவு நின்றது.

"அதோ, அது நான் கட்டினதுதாம்மா. இருவத்துநாலு வருஷம் ஆச்சு."

கண்ணாடியம்மா எட்டிப் பார்த்தாள். வளைவைப் பார்த்தாள், அதன் அடியில் இருந்த பித்தளைப் பலகையைப் பார்த்தாள், பிறகு கொத்தனாரைப் பார்த்தாள்.

"அண்ணே, அதுக்கு நூத்தி நாப்பது வயசுன்னு போர்டு போட்டிருக்கே."

போர்டு போட்டிருந்தது உண்மை. கட்டிய கதையும் உண்மை. இருபத்துநாலு வருஷத்துக்கு முன், பட்டமளிப்பு விழாவுக்கு நாலே நாள் இருந்தபோது, ஜெனரேட்டர் ஏற்றி வந்த லாரி பின்பக்கமாக வந்து அங்கே இருந்த நடைபாதை வாசல் சுவரை இடித்துத் தள்ளிவிட்டது. அப்போதைய பொறியாளர், "எதையாவது கட்டி ஓட்டையை மறைப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். கம்பி வாங்க நேரமில்லை. கம்பி இல்லாமல் நிற்கக்கூடியது வளைவு ஒன்றுதான். கல்லுக்கும் வழியில்லை. விடுதிக்குப் பின்னால் இடித்துப்போட்ட பழைய கழிப்பறையின் கற்கள் குவிந்து கிடந்தன. கழுவி எடுத்துக் கட்டினார். பிறகு பத்து வருஷம் அதன் அடியில் ஒரு டீக்கடை நடந்தது. அடுப்புப் புகையில் கற்கள் கருத்துப்போயின. டீக்கடையை அப்புறப்படுத்தியபோது பார்த்தால், வளைவுக்குப் பழமை வந்துவிட்டிருந்தது.

பிறகு வந்த வரலாற்றுப் பேராசிரியர் அதைக் 'கண்டுபிடித்தார்'. தினமும் ஆயிரம் பேர் நுழைந்து போகும் வளைவைக் கண்டுபிடிப்பதற்கும் ஒரு கண் வேண்டும். 'நிறுவனர் வளைவு' என்று பெயர் வைத்தார், நானூற்றுப் பன்னிரண்டு பக்கம் புத்தகம் எழுதினார், துறைத்தலைவர் ஆனார். பல்கலைக்கழகத்தின் சின்னமாகவும் அந்த வளைவையே போட்டார்கள். பட்டச் சான்றிதழ், கடிதத் தலைப்பு, கழிவறைக் கதவு வரைக்கும் அந்த வளைவு இருந்தது. கழிவறைக் கதவில் இருந்தது மட்டும் வரலாற்றுப்படி பொருத்தம் என்பது கொத்தனார் ஒருவருக்குத்தான் தெரியும்.

அவர் மனு, தொன்மைக் கட்டட மரபுப் பேணல் மற்றும் மேம்பாட்டு உயர்மட்டக் குழுவுக்குப் போனது. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு டீ ஆறிவிடும். அதனால் குழு கூடும்போது முதலில் டீயைக் குடித்துவிட்டுத்தான் பெயரைச் சொல்வார்கள்.

கூட்டம் நீள மேஜை போட்ட அறையில் நடந்தது. தலைமை தாங்கியவர் பதிவாளர். அவருக்கு வலது பக்கம் வரலாற்றுப் பேராசிரியர், இடது பக்கம் வேதியியல் பேராசிரியர். வேதியியலுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கக் கூடாது. குழுவில் மூன்று பேர் இருக்க வேண்டும், அவர் அன்றைக்குச் சும்மா இருந்தார். கண்ணாடியம்மா குறிப்பெழுத உட்கார்ந்தாள். கொத்தனார் நின்றார். அந்த அறையின் நாற்காலிகளும் மரபுச் சின்னங்கள். உட்காரும் தகுதி உள்ளவர்கள் மட்டுமே உட்காரலாம்.

வரலாற்றுப் பேராசிரியர் எழுந்தார்.

"பெருமக்களே! இந்த வளைவு வெறும் கல் அல்ல. நான் தினமும் காலையில் அதன் கற்களில் என் கன்னத்தை வைத்து ஒரு நிமிடம் நிற்கிறேன். நிறுவனர்களின் மூச்சு எனக்குக் கேட்கிறது. அவர்களின் வாசனையைக்கூட நான் உணர்ந்திருக்கிறேன்."

"சார், அந்தக் கல்லு எங்கேர்ந்து வந்துச்சுன்னா..." என்று கொத்தனார் ஆரம்பித்தார். கண்ணாடியம்மா மேஜைக்கு அடியில் கையை ஆட்டி வேண்டாம் என்றாள். கொத்தனாருக்கும் அந்தக் கன்னத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டார்.

"இன்னொன்று," பேராசிரியர் தொடர்ந்தார். "வளைவின் இடது பக்கம் இரண்டு விரற்கடை தாழ்ந்திருக்கிறது. இது தற்செயலா? அறிவின் முன்னே ஆணவம் தலைவணங்க வேண்டும் என்று அந்த மாமேதைகள் கல்லில் எழுதிவைத்த தத்துவம் அது! என் புத்தகத்தில் ஏழாவது அத்தியாயம் முழுக்க இந்த இரண்டு விரற்கடைதான்."

கொத்தனாருக்கு முகம் சிவந்தது. ரசமட்டம் என்று பெயர் வாங்கியவருக்கு வாழ்க்கையில் கோணிப்போன ஒரே வேலை அது. இருபத்துநாலு வருஷமாக அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டுதான் போவார். அதை இப்படி நாலு பேர் முன்னால் சொல்லவேண்டி வந்துவிட்டது.

"அது தத்துவம் இல்லீங்க சார், பூச்செடிப் பாத்தி. அன்னைக்குக் காலைல தோட்டக்காரர் தண்ணி விட்டுட்டார். வளைவுக்குக் கீழ முட்டுக் குடுத்த மரத்தோட இடது கால் ஈர மண்ணுல அமுங்கிடுச்சு. கவனிச்சு நிமித்தறதுக்குள்ள சாந்து இறுகிப்போச்சு. என் தப்புதாங்க."

பதிவாளர் கண்ணாடியம்மாவைப் பார்த்து, "தோட்டக்கலைத் துறையோட பங்களிப்பு தனியா ஆராயப்படும்னு எழுதிக்கோங்கம்மா" என்றார்.

வரலாற்றுப் பேராசிரியருக்குக் குரல் கம்மியது. மேடைத் தமிழ் நழுவிப்போய் வீட்டுத் தமிழ் வந்தது. "நீங்க கட்டினதுன்னே வெச்சுக்குவோம்ப்பா. என்கிட்ட நாலு பேர் இதுல முனைவர் பட்டம் வாங்கியிருக்காங்க. ஒருத்தர் இடது பாதி, ஒருத்தர் வலது பாதி, ஒருத்தர் அதோட நிழல். நாலாவது ஆள் இந்த மூணு பேரோட ஆராய்ச்சியை ஆராய்ச்சி பண்ணவர். நாலு பேருக்கும் கல்யாணம் ஆகிக் குழந்தைங்க இருக்கு. இப்ப வந்து பாத்தி, தண்ணின்னா அந்தக் குடும்பங்களோட கதி என்ன? கொஞ்சம் மனசாட்சியோட பேசுங்க."

கொத்தனாருக்குத் தானே ஏதோ கொலை செய்துவிட்ட மாதிரி இருந்தது. ஆனாலும் முட்டி வலித்தது.

"ஒரு அடையாளம் இருக்குங்க சார்" என்றார். "இடது பக்கம் கீழேர்ந்து மூணாவது கல்லுக்குப் பின்னாடி சந்து இருக்கும். அன்னைக்குக் குனிஞ்சப்ப என் பாக்கெட்ல இருந்த சீப்பு ஒடைஞ்சுபோச்சு. ரெண்டு துண்டையும் அந்தச் சந்துல போட்டுத்தான் சாந்து அடைச்சேன். நீலக் கலர் பிளாஸ்டிக் சீப்பு. மூணு பல் ஏற்கெனவே போயிருந்துச்சு."

மூன்று வாரம் கழித்து மூன்றாவது கல்லைத் துளைத்தார்கள். வளைவைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். பதிவாளர் கையுறை போட்டிருந்தார். துளைக்கும் இயந்திரத்தை, மரியாதை கருதி, மெதுவாக ஓட்டும்படி வரலாற்றுப் பேராசிரியர் கேட்டுக்கொண்டார். மெதுவாக ஓட்டினால் கல் அதிகமாக அதிரும் என்று கொத்தனார் சொல்லிப் பார்த்தார். எடுக்கிற கல்லுக்கு மேலே முட்டுக் கொடுக்காவிட்டால் எல்லாம் இறங்கும் என்றும் சொன்னார்.

"முட்டுக் கொடுத்தா போட்டோவுல நல்லா இருக்காதுப்பா" என்றார் பதிவாளர்.

கல்லுக்குப் பின்னால் சந்து இருந்தது. சந்தில் சீப்பு இருந்தது. நீலம். இரண்டு துண்டு. மூன்று பல் இல்லை.

கொத்தனார் அதைப் பார்த்ததும் தன்னையறியாமல் தலையைத் தடவிக்கொண்டார். அந்தச் சீப்பு வாங்கிய காலத்தில் அவருக்குச் சீவுவதற்கு நிறைய முடி இருந்தது. இனி யாரும் மறுக்க முடியாது, வேலை நிச்சயம் என்று நினைத்துக்கொண்டார்.

அவர் நினைத்ததில் பாதி சரி. யாரும் மறுக்கவில்லை.

வேதியியல் பேராசிரியர் சீப்புத் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதுவரைக்கும் குழுவில் வாயே திறக்காத மனுஷன், பத்து நிமிஷம் பேசினார். "நூற்று நாற்பது ஆண்டுப் பழைமையான வளைவுக்குள் பிளாஸ்டிக் இருக்கிறது. அந்தக் காலத்தில் உலகத்தில் எங்கேயும் இந்த மாதிரி பிளாஸ்டிக் கிடையாது. இதிலிருந்து என்ன தெரிகிறது? உலகத்துக்கு முன்பே நம் பல்கலைக்கழகம் பிளாஸ்டிக்கைக் கண்டுபிடித்திருக்கிறது என்று தெரிகிறது! நம் முன்னோர்கள் அதை வெளியே சொல்லவில்லை. சுவருக்குள் வைத்து அடைத்தார்கள். எவ்வளவு அடக்கம் பாருங்கள்!"

எல்லோரும் கைதட்டினார்கள். சீப்பைச் சிவப்பு வெல்வெட்டில் வைத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டினார்கள். வேதியியல் துறைக்குப் புதுக் கட்டடம் கேட்டுக் கடிதம் அன்று மாலையே போனது.

குழுவின் அடுத்த கூட்டத்தில் இரண்டு தீர்மானங்கள் வந்தன. வளைவுக்கு நூற்று நாற்பது வயது என்பது முதல் தீர்மானம். நாற்பதாயிரம் பட்டச் சான்றிதழில் அச்சாகிவிட்ட வயதை மாற்ற முடியாது. அந்த வளைவைக் கட்டியது இந்தக் கொத்தனார்தான் என்பது இரண்டாவது தீர்மானம். கல்லுக்குள் இருக்கிற சீப்பின் பல் கணக்கை வேறு யார் சொல்ல முடியும்? இரண்டும் ஏகமனதாக நிறைவேறின.

"சார், ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு இடிக்குதே" என்று கண்ணாடியம்மா மெதுவாகக் கேட்டாள்.

பதிவாளர் பரிவோடு சிரித்தார். "அம்மா, ரெண்டையும் தனித்தனியாத்தானே நிறைவேத்தினோம்? ஒண்ணையும் இன்னொண்ணையும் சேத்துப் படிக்கணும்னு எந்த விதியில இருக்கு?"

அப்படி ஒரு விதி இல்லைதான். கண்ணாடியம்மா இரண்டு கண்ணாடியிலும் தேடிப் பார்த்துவிட்டாள்.

ஒரு வாரம் கழித்து அவள் கொத்தனாரைக் கூப்பிட்டு அனுப்பினாள். அவர் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனார். கண்ணாடியம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அண்ணே, நல்ல செய்தி. உங்களை நிரந்தரம் பண்ணியாச்சு."

கொத்தனார் மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"வளைவு கட்டின நாள்லேர்ந்து. அதாவது நூத்தி நாப்பது வருஷத்துக்கு முன்னாடிலேர்ந்து." அவள் குரல் தாழ்ந்தது. "கட்டும்போது உங்களுக்கு என்ன வயசுண்ணே?"

"இருவத்தேழும்மா."

"நூத்தி நாப்பதும் இருவத்தேழும் நூத்தி அறுவத்தேழு. அறுவது வயசுல ஓய்வு. அப்ப நீங்க ஓய்வு பெற்று நூத்தி ஏழு வருஷம் ஆகியிருக்கணும். ஆனா ஃபைல்ல ஓய்வு ஆணை இல்ல. ஆணை இல்லாம யாரும் ஓய்வு பெற முடியாது. நூத்தி அறுவத்தேழு வயசு வரைக்கும் யாரும் உயிரோட இருக்கவும் முடியாது. அதனால..."

"அதனால?"

"ஓய்வுக்கு முந்தின நாள் பணிக்காலத்திலேயே காலமாயிட்டீங்கன்னு எழுதியிருக்காங்கண்ணே." அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். உயிரோட இருக்கறதுக்கு ஃபைல்ல கட்டமே இல்லைங்கறாங்க."

கொத்தனாருக்கு முட்டி வலித்தது. செத்தவனுக்கு முட்டி வலிக்குமா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

"ஒரு வழி இருக்குண்ணே," கண்ணாடியம்மா அவசரமாகச் சொன்னாள். "பணிக்காலத்துல காலமானவங்க வாரிசுக்குக் கருணை அடிப்படையில வேலை உண்டு. உங்களுக்கு ஒரு பொண்ணு இருக்கில்ல?"

மகள் மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டு வேலை பார்க்கிறவள். வீட்டில் வாரிசுப் படிவத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அப்பா, தந்தை காலமான தேதின்னு கேட்டிருக்கு. நீங்களே சொல்லுங்க."

"சிரிக்காத. நூத்தி ஏழு வருஷத்துக்கு முன்னாடின்னு போடு."

"அடுத்து என் பொறந்த தேதி." அவள் பேனாவை நிறுத்தினாள். சிரிப்பும் நின்றது. விரல்விட்டு எண்ணினாள். "அப்பா, எனக்கு இருவத்து மூணு. அப்ப நீங்க செத்து எண்பத்து நாலு வருஷம் கழிச்சு நான் பொறந்திருக்கேன். இதை எப்படிப்பா எழுதறது?"

தையல் மிஷின் நின்றது. மனைவி எழுந்து வந்து படிவத்தைப் பிடுங்கினாள். கோபத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"ஏங்க, உங்களைச் சாகடிச்சாங்க, பொறுத்துக்கிட்டேன். இப்ப என் மானத்துலயே கை வெக்கறாங்களா? எண்பத்து நாலு வருஷம் கழிச்சுப் புள்ள பெத்தேன்னு நான் எந்த ஆபீஸ்ல போய்க் கையெழுத்துப் போடுவேன்?" படிவத்தைக் கிழிக்கப் போனவள், கிழிக்க மனம் வராமல் மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள். அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

இதற்கு நடுவில் பல்கலைக்கழகத்தில் ஒரு புது யோசனை பிறந்தது. நிறுவனர் வளைவைக் கட்டிய அமரர் கொத்தனாருக்கு நினைவுப் பீடம் ஒன்று வளைவின் அடியிலேயே எழுப்ப வேண்டும். பீடம் என்றால் கொத்தனார் வேண்டும். மேஸ்திரி ஆளனுப்பினார்.

வேலை வேலைதானே. கொத்தனார் போனார். கையெழுத்துப் போட மஸ்டர் ரோலைத் திறந்தபோது அவருடைய பக்கம் வெறுமையாக இருந்தது. மேஸ்திரி தலையைச் சொறிந்தார்.

"உன் பழைய நம்பர்ல சம்பளம் ஏறாதுப்பா, அது செத்துப்போனவரு நம்பர். புது ஆளுன்னு போட்டுக்கறேன். இன்னையிலேர்ந்து கணக்கு. இருவது வருஷம் போனா நிரந்தரத்துக்கு மனுப் போடலாம்."

"அப்ப எனக்கு எழுவத்தொண்ணு ஆயிடும் மேஸ்திரி."

"அது உன் சொந்த விஷயம்" என்றார் மேஸ்திரி. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

கொத்தனார் ஐந்து நாளில் பீடத்தைக் கட்டி முடித்தார். அரை நூல் ஏற்ற இறக்கம் இல்லை. தன் பெயர் பொறித்த கல்லைத் தானே தூக்கிப் பதிக்கும்போது சாந்து கொஞ்சம் கூடுதலாகவே வைத்தார். பதித்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். வளைவில் மூன்றாவது கல்லிலிருந்து உச்சி வரைக்கும் ஒரு விரிசல் ஓடியிருந்தது. துளை போட்ட நாளில் மயிரிழையாக இருந்தது, இப்போது உள்ளே சுண்டுவிரல் போகும் போல இருந்தது. மேஸ்திரியிடம் சொன்னார். மேஸ்திரி குழுவுக்கு எழுதினார். குழு அந்த விரிசலுக்கு எத்தனை வயது என்று கேட்டுப் பதில் எழுதியது.

திறப்பு விழாவுக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லி யாரும் அவரை அழைக்கவில்லை. சாமான்களைத் திரும்ப எடுக்க அவர் போனார். மனைவி, "நானும் வர்றேன், உங்களுக்கு எப்படி மரியாதை பண்றாங்கன்னு பாக்கணும்" என்று கூடவே வந்தாள். இருவரும் கடைசி வரிசை நாற்காலிகளுக்குப் பின்னால் நின்றார்கள்.

வரலாற்றுப் பேராசிரியர் பேசினார். "பெயரும் முகமும் தெரியாத அந்த எளிய மனிதர்! அவர் மட்டும் இன்று நம்மிடையே இருந்திருந்தால், இந்தப் பல்கலைக்கழகம் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியிருக்கும்." பெயர் எதிரே பீடத்தில் பொறித்திருந்தது. முகம் பின்வரிசையில் நின்றுகொண்டிருந்தது. பேராசிரியர் இரண்டு பக்கமும் திரும்பவில்லை. அவருக்குக் கண் கலங்கியிருந்தது, அது நடிப்பில்லை.

பிறகு பதிவாளர், "அமரருக்கு இரண்டு நிமிட மௌன அஞ்சலி" என்று அறிவித்தார். எல்லோரும் எழுந்தார்கள். கொத்தனாரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பழக்கதோஷம்தான். யாருக்கோ அஞ்சலி என்றால் நிற்பது அவர் வழக்கம்.

மனைவியால் தாங்க முடியவில்லை. அரை நிமிஷம் பல்லைக் கடித்துப் பார்த்தாள். பிறகு அந்த அமைதியில் அவள் குரல் கணீரென்று கேட்டது.

"ஐயா, அவரு சாகலை! உயிரோடதான் இருக்காரு! இதோ, என் பக்கத்துல நிக்கறாரு, பாருங்க!"

நூறு தலைகள் திரும்பின. கொத்தனார் என்ன செய்வதென்று தெரியாமல் எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டார். பதிவாளர் உதட்டில் விரலை வைத்து, கைக்கடிகாரத்தைக் காட்டி, அடங்கிய குரலில் சொன்னார்:

"அம்மா, தயவுசெஞ்சு. இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு."

நூறு தலைகளும் மறுபடி குனிந்தன. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இருபத்தாறு வருஷம் அந்த மனுஷன் இந்தக் கல்லோடும் மண்ணோடும் போட்ட மல்லுக்கட்டு முழுதும் அந்த ஒரு நிமிஷத்தில் அவள் கண்முன் வந்தது. கொத்தனார் அவள் தோளில் கையை வைத்தார். அழாதே என்று சொல்லவும் முடியவில்லை, மௌனம் இன்னும் முடியவில்லை.

அஞ்சலி முடிகிற நேரத்தில் வளைவின் உச்சியிலிருந்து சாந்து பொலபொலவென்று உதிர்ந்து மலர்வளையத்தின் மேல் விழுந்தது. தொடர்ந்து உள்ளங்கை அளவு கல் ஒன்று பதிவாளரின் காலடியில் விழுந்து உருண்டது. வளைவின் இடது பக்கம் 'கறக்' என்றது. கூட்டம் நாற்காலிகளைத் தள்ளிவிட்டுப் பின்வாங்கியது. வரலாற்றுப் பேராசிரியர் தன் புத்தகத்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பயன்பட்டது.

பதிவாளர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பின்வரிசைக்கு ஓடிவந்தார். மூச்சிரைத்தது. கொத்தனாரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"ஏப்பா, சீக்கிரம் வாப்பா! முட்டுக் குடுக்கணுமா, என்ன பண்ணணும், சொல்லு! எதை எங்க வெச்சுக் கட்டியிருக்குன்னு வேற எவனுக்குத் தெரியும்? நீதானப்பா இதைக் கட்டினவன்!"

துணைவேந்தர், பேராசிரியர்கள், கண்ணாடியம்மா, மேஸ்திரி எல்லோரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். இந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் கொத்தனார் மூன்று மாதம் நடையாய் நடந்திருந்தார். இப்போது கேட்டபோது நெஞ்சில் ஒன்றும் குளிரவில்லை. அவர் தன் கைகளை மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

"கட்டினவர் காலமாகி நூத்தி ஏழு வருஷம் ஆச்சுங்க சார். இப்பதான் அஞ்சலி செலுத்தினோம். வேணும்னா ஆபீஸ்ல கேட்டுப் பாருங்க."

"அப்ப நீ யாருப்பா?"

"நான் புது ஆளுங்க. அஞ்சு நாள்தான் வேலை பாத்திருக்கேன்."

கரண்டியையும் தூக்குக்குண்டையும் பைக்குள் போட்டுக்கொண்டார். வளைவின் அடியில் போகாமல், மனைவியைக் கூட்டிக்கொண்டு நூலகத்தைச் சுற்றி வாசலுக்கு நடந்தார். பின்னால் இன்னொரு கல் விழுந்த சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.